பத்து நிமிஷக் கணக்கு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. இந்நேரம் மனசுக்குள் என்னைத் திட்டித் தீர்த்திருப்பாய். இங்கே எல்லாரும் நலம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. மகனுக்கு மீசை அரும்பிவிட்டது, அந்தக் கதையை அப்புறம் சொல்கிறேன்.

வீட்டிலிருந்தே வேலை பார்த்த காலம் முடிந்து தினமும் ஆபீஸ் போக வேண்டியிருக்கிறது, காலையில் கண்ணாடி முன்னாலேயே முக்கால் மணி நேரம் போய்விடுகிறது என்று புலம்பியிருந்தாய். படித்துவிட்டுச் சிரித்தேன். ஹாஸ்டலில் முதல் மணி அடித்த பிறகு எழுந்து, முகத்தில் ஒரு கை தண்ணீரை அறைந்துகொண்டு வகுப்புக்கு ஓடிய ஆளா இப்படி எழுதுவது!

குளியலைச் சேர்க்காமல் எனக்குப் பத்து நிமிஷம்தான் ஆகிறது. பெரிய சூட்சுமம் எதுவுமில்லை. காலையில் செய்தே தீர வேண்டும் என்றில்லாத எல்லாவற்றையும் முந்தின ராத்திரிக்குத் தள்ளிவிட்டேன். நகம் வெட்டுவது, மூக்கு முடியைத் திருத்துவது, சட்டையை எடுத்து மாட்டி வைப்பது எல்லாம் படுக்கப் போகும் முன்பே முடிந்துவிடும். வியர்வையைக் குறைக்கும் ஆன்டிபெர்ஸ்பிரன்ட் கூட ராத்திரி காய்ந்த அக்குளில் போட்டால்தான் நன்றாக வேலை செய்கிறது. அதிலுள்ள அலுமினிய உப்பு வியர்வைத் துளைகளில் போய் அடைத்துக்கொள்ள வேண்டும். காலையில் வியர்த்துக்கொண்டே பூசினால் பாதி கழுவிக்கொண்டு போய்விடும். மணத்துக்காக மட்டும் போடும் டியோடரன்ட் வேறு, அதைக் காலையிலேயே போட்டுக்கொள்.

ஆக, காலைக்கு மிச்சம் பல், ஷேவிங், தலை. பல்லுக்கு இரண்டு நிமிஷம். துலக்கியதும் நுரையைத் துப்பினால் போதும். தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்தால் பேஸ்டில் இருக்கும் ஃப்ளூரைடும் கூடவே போய்விடும். தலைக்குச் சீப்பு, அரை நிமிஷம். எனக்கு இருக்கிற முடிக்கு அதுவே அதிகம்.

உன் முக்கால் மணி நேரத்தைத் தின்பது ஷேவிங்தான் என்று நினைக்கிறேன். கழுத்தில் சின்னச் சின்னக் கொப்புளம் வருகிறது, எரிகிறது, அதனால் மெதுவாகச் செய்கிறேன் என்று எழுதியிருந்தாயே. குளிப்பதற்கு முன்னால்தானே ஷேவ் செய்கிறாய்? நானும் இருபது வருஷம் அப்படித்தான் செய்தேன். இப்போது குளித்துவிட்டு வந்த கையோடு ரேசரை எடுக்கிறேன். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மூன்று நிமிஷம் ஊறினாலே தாடி முடி தண்ணீரை உறிஞ்சி இளகிவிடும். காய்ந்த முடியை வெட்டுவதைவிட இதற்குக் குறைந்த பலமே போதும், ரேசர் தானாக வழுக்கிக்கொண்டு போகும்.

அடுத்தது திசை. கன்னத்தில் முடி கீழ்நோக்கி வளரும். கழுத்தில் அப்படி நம்ப முடியாது. எனக்கு இடப்பக்கம் மேல்நோக்கியும் வலப்பக்கம் காதை நோக்கியும் போகிறது. ஒரு நாள் ஷேவ் செய்யாமல் விட்டு, விரலால் நாலு பக்கமும் தடவிப் பார். எந்தப் பக்கம் வழவழவென்று போகிறதோ அதுதான் முடியின் போக்கு. அந்தப் போக்கிலேயே ரேசரை இழு. தோலை இறுக்கி இழுத்துப் பிடித்து, எதிர்த் திசையில் ஒட்ட வழித்தால் முடி தோலுக்கு உள்ளே போய்ச் சுருண்டுகொள்ளும். உன் கொப்புளத்துக்குக் காரணம் அநேகமாக அதுதான். கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். எவன் வந்து உன் கழுத்தைத் தடவிப் பார்க்கப் போகிறான்?

பிளேடை ஐந்தாறு ஷேவுக்கு மேல் வைத்துக்கொள்ளாதே. எஃகைவிட முடி ஏறக்குறைய ஐம்பது மடங்கு மென்மையானது. அப்படியிருந்தும் பிளேடு எப்படி மழுங்குகிறது என்று அமெரிக்காவில் இருக்கிற எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆட்கள் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து 2020-இல் எழுதினார்கள். தேய்ந்து மட்டும் மழுங்குவதில்லையாம். முடி வளையும்போது பிளேடின் விளிம்பு துளித்துளியாக உடைந்து போகிறதாம்.

பழைய பிளேடு எனக்குச் செய்த வேலையைக் கேள். போன வருஷம் ஒரு முக்கியமான மீட்டிங். அன்றைக்குப் பார்த்துத் தூங்கிவிட்டேன். நுரை போட நேரமில்லை, தண்ணீரைத் தொட்டுத் தடவிக்கொண்டு இழுத்தேன். தாடைக்குக் கீழே சரியாக எலும்பு திரும்புகிற இடத்தில் ஒரு கீறல். சின்னதுதான், ஆனால் ரத்தம் நிற்கவில்லை. டிஷ்யூவில் ஒரு துணுக்கு கிழித்து ஒட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஒரு மணி நேரம் வாய் ஓயாமல் பேசினேன், எல்லாரும் என்னையே கவனித்தார்கள். பேச்சு எடுபடுகிறது என்று எனக்கு உள்ளூரப் பெருமை. வெளியே வந்து பாத்ரூம் கண்ணாடியில் பார்த்தால், நடுவில் சிவப்புப் பொட்டு வைத்த வெள்ளைக் காகிதம் தாடையில் கொடி மாதிரி ஆடிக்கொண்டிருக்கிறது. ஒருவராவது சொல்லக் கூடாதா? மறுநாளே ஒரு படிகாரக் கட்டி வாங்கி வைத்தேன். ஈரத்தோடு கீறலில் தேய்த்தால் சுரீர் என்கும், ரத்தம் நின்றுவிடும்.

மகன் கதைக்கு வருகிறேன். ரேசரைத் தொட மாட்டேன், வழித்தால் அடர்த்தியாக வளரும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள் என்கிறான். நமக்கு அந்த வயதில் சீக்கிரம் அடர்த்தியாகட்டும் என்றுதான் திருட்டுத்தனமாக வழித்துக்கொண்டோம், ஞாபகம் இருக்கிறதா? இரண்டுமே தப்பு. 1928-லேயே மில்ட்ரெட் ட்ராட்டர் என்கிற உடற்கூறியல் ஆய்வாளர் சில ஆண்களைத் தொடர்ந்து ஷேவ் செய்ய வைத்துப் பார்த்து, வளர்ச்சியில் மாற்றம் எதுவும் இல்லை என்று எழுதிவிட்டார். இயற்கையாக வளரும் முடியின் நுனி கூராக இருக்கும், வெட்டிய முடியின் நுனி மொட்டையாக இருக்கும். அது கையில் குத்துவதால்தான் தடித்துவிட்டதாகத் தோன்றுகிறது. இதையெல்லாம் அவனிடம் விளக்கினேன். “சரிப்பா” என்று சொல்லிவிட்டு மீசையோடுதான் திரிகிறான்.

ஷேவ் முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவி, ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் கொஞ்சம் தடவு. ஆல்கஹால் கலந்த ஆஃப்டர்ஷேவைத் தூக்கிப் போடு, கழுத்து எரிச்சலைக் கூட்டுவதில் அதற்கும் பங்கு உண்டு. வெயிலில் போவதாக இருந்தால் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன் ஒரு பூச்சு. காதையும் பின்கழுத்தையும் விட்டுவிடாதே, எல்லாரும் விடுகிற இடம் அதுதான்.

காது என்றதும் ஞாபகம் வருகிறது. நீ அனுப்பிய படத்தை மகன் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “மாமா காதில் என்னப்பா புல் முளைத்திருக்கிறது?” என்று கேட்டான். பிடுங்காதே, ட்ரிம்மர் வைத்துத் திருத்து. அடுத்த மாதம் வருகிறாய் அல்லவா, முதலில் அதைத்தான் பார்ப்பான்.

உன்
பழைய ரூம்மேட்