பெட்டியைத் திறந்ததும் இதை முதலில் படி

கண்ணு,

உமிக்கு மேலேயே இந்தக் காகிதத்தை வைத்திருக்கிறேன். முட்டையில் கை வைக்கும் முன்னால் படித்துவிடு. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்பாய், பாதியில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிடுவாய். இதையாவது சுவரில் ஒட்டி வை.

போன தடவை 40 முட்டையில் 9 குஞ்சு. குஞ்சு பொரிக்கிற மெஷின் சரியில்லை என்று ஒரு நாள் சொன்னாய், நம்ம கீரிச் சாவலுக்கு வயசாகிவிட்டது என்று மறுநாள் சொன்னாய். சாவலைச் சொன்னதும் உங்கப்பா முகமே வாடிப்போச்சு. அதனால் பத்தாம் நாள் நீ டார்ச் அடித்து அனுப்பின போட்டோக்களை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 6 முட்டைதான் ஒன்றுமில்லாமல் வெளிச்சமாகத் தெரிந்தது. 17 முட்டையில் சிவப்பு நூலைச் சுற்றி வைத்த மாதிரி ஒரு வளையம் இருந்ததே, கவனித்தாயா? அது கரு பிடிக்காத கூமுட்டை இல்லை. கரு பிடித்து, ரத்த ஓட்டம் தொடங்கி, முதல் வாரத்திலேயே செத்துப்போனது. சாவல் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. மெஷினும் நீ அனுப்பின எல்லாப் படத்திலும் 37.5 டிகிரியிலேயே நிற்கிறது. தப்பு அதற்கும் முன்னால், நான் இரண்டு தடவையாகக் கொடுத்துவிட்டதை நீ 12 நாள் சேர்த்து வைத்தாயே, அங்கே நடந்திருக்கிறது.

கோழி முட்டையிடும்போதே உள்ளே உயிர் தொடங்கியாகிவிட்டது. 41 டிகிரி உடம்புச் சூட்டுக்குள் ஒரு நாள் பூராவும் இருந்துவிட்டுத்தானே வெளியே வருகிறது. வெளியே வந்து ஆறினதும் கரு அப்படியே தூங்கிவிடும். நம்ம கருப்பி தினம் ஒன்றாக இட்டுவிட்டு இறங்கிப் போய்விடுகிறாளே, பத்துப் பன்னிரண்டு சேரும் வரை அடைக்கு உட்காருகிறாளா? முதல் முட்டையும் கடைசி முட்டையும் ஒன்றாகப் பொரிக்கிற சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. எல்லாம் தூங்கிக்கொண்டிருக்கும், அவள் உட்கார்ந்த அன்றைக்குத்தான் எல்லாம் ஒன்றாக விழிக்கும்.

முட்டையை எடுத்து வைப்பது என்றால் அந்தத் தூக்கம் கலையாமல் பார்த்துக்கொள்வது, அவ்வளவுதான். 15-லிருந்து 18 டிகிரி இருந்தால் நிம்மதியாகத் தூங்கும். 25, 30 என்று ஏறினால் அரைகுறையாக விழிக்கும். விழித்தது வளரவும் முடியாமல் மறுபடி தூங்கவும் முடியாமல் உள்ளேயே நலிந்துபோகும். நீ வைத்தது எங்கே? ஃபிரிட்ஜுக்கு மேலே, அதன் பின்பக்கச் சூடு அடிக்கிற இடத்தில். அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று அதையே எடுத்து ஃபிரிட்ஜுக்குள் வைத்தாய். அங்கே 4 டிகிரி, அது தூக்கம் இல்லை, விறைப்பு.

உன்னைத் திட்டுகிறேன் என்று நினைக்காதே. கல்யாணமான புதிதில் ஒரு சித்திரையில் நானும் 15 முட்டையைக் கூரை ஓட்டுக்கு அடியில் பரணில் வைத்திருந்து அடை வைத்தேன். மூன்றுதான் பொரித்தது. அம்மிச்சிப் பாட்டி வந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மூலையில் மணலைக் கொட்டி, ஒரு மண்பானையைப் பாதிவரை புதைத்து, சுற்றிலும் தண்ணீர் தெளித்தாள். பானைக்குள் வைக்கோல், அதன்மேல் முட்டை, வாய்க்குத் துணி. வெளியே வெயில் கொளுத்தினாலும் அதற்குள் கை விட்டால் ஜில்லென்று இருக்கும். இன்றைக்கும் நான் அப்படித்தான் வைக்கிறேன். இந்தப் பெட்டியிலுள்ள 32 முட்டையும் அந்தப் பானையில் இருந்து வந்ததுதான்.

உனக்கு அந்தப் பாடு வேண்டாம். ஓசூரில் தை மாதத்துக் குளிரே போதும். சமையலறை, இன்வெர்ட்டர், ஜன்னல் வெயில் எதுவும் அண்டாத மூலையில் தரையோடு வை. கூர்முனை கீழே, அகலமுனை மேலே. காற்றறை அகலமுனையில் இருக்கிறது, குஞ்சு முதல் மூச்சை அங்கேதான் இழுக்கும்.

இன்றைக்கே மெஷினில் வைத்துவிடாதே. ராத்திரி பூராவும் பஸ்ஸில் குலுங்கி வந்த முட்டை, உள்ளே காற்றறை தளும்பிக்கொண்டிருக்கும். ஒரு நாள் முழுக்க அசைக்காமல் அட்டையிலேயே நிற்கட்டும். அந்த ஒரு நாளில் மெஷினைத் துடைத்து, தண்ணீர் ஊற்றி, வெறுமனே ஓடவிடு. சூடு ஒரே இடத்தில் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்.

அப்படி நிற்க விடும் முன்னால், அட்டையில் அடுக்கும்போதே ஒரு வேலை இருக்கிறது. இரண்டு முட்டையை ஒன்றோடொன்று காதுக்குப் பக்கத்தில் லேசாகத் தட்டிப் பார். நல்லது என்றால் 'டிக்' என்று கண்ணாடிச் சத்தம். மயிரிழை விரிசல் இருந்தால் 'டப்' என்று செத்த சத்தம் வரும். அதைத் தனியே எடுத்துப் பொரியலுக்கு வைத்துக்கொள். ரொம்பப் பெரிசு, நீளம், இளசான வெடக்கோழியின் குட்டி முட்டை எல்லாவற்றையும் நான் இங்கேயே கழித்துவிட்டேன்.

கழுவாதே. இதை இரண்டு தடவை படி. கோழி இட்ட அந்த நொடியில் முட்டையைக் கையில் ஏந்தியிருக்கிறாயா? ஈரமாக மினுங்கும், கண்ணெதிரே காய்ந்து மங்கிவிடும். அந்தப் பூச்சுதான் ஓட்டிலுள்ள ஆயிரக்கணக்கான துளைகளுக்குக் காவல். நீ குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவினாயே, பூச்சும் போச்சு, குளிர்ந்த தண்ணீர் பட்டதும் உள்ளே சுருங்கி, மேலிருந்த அழுக்கையும் கிருமியையும் துளை வழியாக இழுத்தும் விட்டது. ஒட்டின தவிடு, எச்சம் இருந்தால் காய்ந்த துணியால் துடை. துடைத்தும் போகாததை வைக்கவே வேண்டாம்.

வேர்க்க விடுவதும் அதே மாதிரிதான். குளிர்ந்த முட்டையைச் சட்டென்று சூட்டில் வைத்தால் ஓட்டின்மேல் முத்து முத்தாகத் தண்ணீர் கோக்கும், கெட்டதெல்லாம் அந்த ஈரத்தில் உள்ளே போய்விடும். அதனால் முந்தின ராத்திரியே அட்டையை அந்த மூலையிலிருந்து எடுத்து அறை நடுவில் வைத்துவிடு. காலையில் தொட்டால் குளிர்ச்சி இருக்கக் கூடாது.

60 முட்டை மெஷின் என்பதற்காக 60 நிரப்ப வேண்டும் என்று சட்டமா? ஒரு வாரத்துக்குள் சேர்ந்தது எத்தனையோ அத்தனையை வை. வாரம் தாண்டினால் ஒவ்வொரு நாளும் பொரிப்பு குறையும். எப்போதாவது தாண்டியே ஆக வேண்டுமென்றால், அட்டையின் ஒரு பக்கத்துக்குக் கீழே கட்டையைக் கொடுத்துச் சாய்த்து வை, காலையிலும் மாலையிலும் கட்டையைப் பக்கம் மாற்று. மஞ்சள் கரு ஓட்டோடு ஒட்டாமல் இருக்கும். உன் ரூம் பையன் கடை முட்டையால் நிரப்பலாமா என்று கேட்டானாமே. நாமக்கல் பண்ணையில் முட்டைக்கோழிக்குச் சாவலே கிடையாது என்று அவனிடம் சொல்.

ஒவ்வொன்றிலும் இட்ட தேதியைப் பென்சிலால் எழுதியிருக்கிறேன். எல்லாம் ஆறு நாளுக்குள் இட்டவை. நீ ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறு பக்கம் வட்டம் போட்டுக்கொள், திருப்புவதற்கு. மார்க்கர் பேனா வேண்டாம். திருப்புவது 18-ம் நாளோடு நிற்க வேண்டும், ஈரத்தைக் கூட்ட வேண்டும், அதெல்லாம் நீயே ஒழுங்காகச் செய்கிறாய், அதில் எனக்குக் குறையில்லை.

உமிக்குள் ஒரு இரும்பு ஆணியும் கரித்துண்டும் வரமிளகாயும் இருக்கும். பயந்துவிடாதே. அடை வைக்கும்போது இடிக்குப் பயந்து அம்மிச்சி கூடையில் போடுவது. மெஷினுக்குள் போடாதே, மேலே வை. மேலேயும் வைக்க மாட்டாய் என்று தெரியும்.

கருப்பி மூன்று நாளாய் வெறுங்கூடையில் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், கிட்டே போனால் கொத்த வருகிறாள். அவளுக்கு 11 முட்டை எடுத்து வைத்திருக்கிறேன். நீ மெஷினில் வைக்கிற நாளை எனக்குச் சொல், அன்றைக்கே இங்கேயும் வைக்கிறேன். உங்கப்பா கருப்பி பக்கம். நான் இன்னும் சொல்லவில்லை.

அட்டை இரண்டும் திரும்பி வர வேண்டும்.

அம்மா