பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லையாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

கம்பஸ் தமிழ் விழாக்களுக்கு ஆள் சேர்வதில்லை, இப்போதைய பிள்ளைகளுக்கு ஆர்வமே கிடையாது என்று கொழும்பில் பழைய மாணவர்கள் கூடும் இடமெல்லாம் ஒரே புலம்பல். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. அந்தப் பிள்ளைகள் இரவில் எங்கே தங்குகிறார்கள் என்று யாராவது விசாரித்தீர்களா?

எங்கள் காலத்தில் நோட்டீஸ் பார்த்து யாரும் நாடகத்துக்கு வரவில்லை. ஹொஸ்டலில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மேல்வருட அக்கா ஒருவர் கதவைத் தட்டி, "நீ நல்லாப் பாடுவியாமே, கீழே வா" என்பார், போனால் அங்கே ஏற்கெனவே ஒரு கூட்டம் வாணி விழாவுக்கு, அதுதான் சரஸ்வதி பூசைக்கு, நாடகம் பழகிக்கொண்டிருக்கும், மறுக்கவும் முடியாது, மறுக்கத் தோன்றவும் செய்யாது. ஆள்சேர்ப்பு என்றால் அவ்வளவுதான்.

இப்போது எனக்குத் தெரிந்த ஒரு பீடத்தில் முதலாம் வருடத்தினரை மற்றவர்களோடு சேர்க்காமல் தனி விடுதியில் விடுகிறார்கள், அடுத்த வருடமே இடமில்லை என்று வெளியே அனுப்புகிறார்கள். சீனியர்மாரின் பகிடிவதைக்கு (ராகிங்) பயந்துதான் பிரிக்கிறார்கள், அது நியாயமான பயம். 1998இலேயே தடைச்சட்டம் வந்தும் ஒழியாத சங்கதி அது. "பழையபடி எல்லாரையும் ஒன்றாகப் போடுங்கள்" என்று கேட்கும் அண்ணாமாரோடு நான் சேரமாட்டேன். ஆனால் பிரித்துவிட்ட பிறகு சீனியரும் ஜூனியரும் வேறு எங்கே சந்திப்பார்கள் என்பதை எவரும் யோசிக்கவில்லை. 2020இல் கொரோனா வந்து வகுப்பெல்லாம் ஒன்லைனுக்குப் போனபோதே பாதித் தொடர்பு அறுந்துவிட்டது. மீதியை இந்த விடுதி மாற்றம் பார்த்துக்கொண்டது.

வெளியே போன பிள்ளைகளின் பாடு வேறு. மஹாபொல என்ற மாணவர் உதவித்தொகை 2025இல் மாதம் 7,500 ரூபாவானது உண்மைதான், வெள்ளவத்தையில் பகிர்ந்த அறையில் ஒரு கட்டிலுக்கே அது காணாது. அதனால் தெஹிவளை, இரத்மலானை என்று தள்ளித் தள்ளிப் போகிறார்கள். பெண்பிள்ளைகள் என்றால் போர்டிங் கேட் ஏழு மணிக்குப் பூட்டு, வீட்டுக்கார அன்ரி முகத்தை நீட்டுவார். லெக்சர் முடிய ஐந்து, பிறகு காலி வீதி நெரிசலில் 100ஆம் இலக்க பஸ். இதில் நாடகம் பழக நேரம் ஏது?

பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனையில் மாணவர்களை வைத்து 1964இல் 'இராவணேசன்' கூத்தை மேடையேற்றியதை இன்றும் பெருமையாகப் பேசுகிறோம். பேராதனை மாணவர்கள் தங்கிப் படிப்பதற்கென்றே கட்டப்பட்ட வளாகம் என்பதை மட்டும் சௌகரியமாக மறந்துவிடுகிறோம். ஆட்டமும் தாளமும் உடம்பில் ஏற மாதக்கணக்கில் இரவிரவாகப் பழக வேண்டும். வட்ஸ்அப் குறூப்பில் வொய்ஸ் அனுப்பிக் கூத்துப் பழக்க முடியுமா?

சரி, என்ன செய்யலாம்? பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு நாடகப் பழக்கத்தைக் கொண்டுபோங்கள். நிறையப் பேர் வெள்ளவத்தைப் பக்கம்தான் இருக்கிறார்கள், கொழும்புத் தமிழ்ச் சங்கமும் அங்கேயேதான் இருக்கிறது, ஞாயிறு காலையில் ஒரு மண்டபம் கேட்டுப் பார்க்கலாமே. முதலாம் வருட விடுதிக்கு வார்டன் அனுமதியோடு, விரிவுரையாளர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு பகலில் போய்ப் பேசலாம், ஒளிவுமறைவு இல்லாவிட்டால் பெற்றோரும் பயப்பட மாட்டார்கள்.

பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒன்று. விழா மலரில் முழுப்பக்க வாழ்த்துக்கும் பொன்னாடைக்கும் செலவழிக்கும் காசில், பழக்க நாட்களில் பெண்பிள்ளைகளை போர்டிங் வாசல் வரை இறக்கிவிட ஒரு வான் பிடித்துக் கொடுங்கள். வீட்டுக்கார அன்ரியிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கும் பொறுப்பையும் நீங்களே எடுங்கள், உங்கள் வயதுக்காரர் சொன்னால்தான் அவர் கேட்பார்.

பழைய மாணவி ஒருவர்,
வெள்ளவத்தை