கழிவுநீர்ப் படுகையில் போடும் கல்லையும் கவனிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏரிகளில் சாக்கடை கலப்பதைத் தடுக்க, கல் பரப்பிச் சம்பும் கோரையும் கல்வாழையும் நட்டு, அதன் வழியே கழிவுநீரை ஓடவிட்டுச் சுத்திகரிக்கும் செயற்கை ஈரநிலப் படுகைகளை அமைக்கலாம் என்ற யோசனையை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால், பேச்செல்லாம் எந்தச் செடியை நடுவது என்பதோடு நின்றுவிடுகிறது. செடிக்கு அடியில் எந்தக் கல்லைப் பரப்புவது என்பதை ஒப்பந்ததாரரின் வசதிக்கே விட்டுவிடுகிறோம். வெள்ளைக்கல் (மாக்னசைட்) சுரங்க ஆய்வகம் ஒன்றில் பல ஆண்டுகள் பணிபுரிந்தவன் என்ற முறையில் இதுபற்றி எழுதுவது என் கடமை என்று நினைக்கிறேன்.

ஏரியில் பாசி படர்வதற்கும் ஆகாயத்தாமரை கொழிப்பதற்கும் காரணம், நீரில் மிகுந்துவிட்ட நைட்ரஜனும் பாஸ்பரசும்தான். இவற்றில் நைட்ரஜனுக்கு வெளியேற வழி உண்டு. காற்றுப்படும் படுகையில் அம்மோனியா நைட்ரேட்டாக மாறும். அடுத்துள்ள காற்றில்லாப் படுகையில் வேறு பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டை வாயுவாக்கிவிடும். பாஸ்பரசுக்கு அந்த வழி கிடையாது. கல்லிலோ மண்ணிலோ செடியிலோ அது தங்கியாக வேண்டும், இல்லையேல் ஏரிக்குள்தான் போகும். செடி எடுத்துக்கொள்வது சிறு பங்குதான். அதையும் உரிய காலத்தில் அறுத்து அப்புறப்படுத்தாவிட்டால், மட்கி மறுபடியும் நீருக்கே வந்து சேரும்.

வழக்கமாகப் பரப்பப்படும் கருங்கல் ஜல்லிக்குப் பாஸ்பேட்டை, அதாவது நீரில் கரைந்துள்ள பாஸ்பரசை, பிடித்துவைக்கும் திறன் மிகக் குறைவு. சில மாதங்கள் ஓடிய படுகையிலிருந்து ஒரு கை ஜல்லியை அள்ளிப் பார்த்தால் மேலே கறுப்பாக, வழுவழுப்பாக ஒரு படலம் இருக்கும். கழுவிவிட்டால் கல் கொட்டிய அன்று இருந்தபடியே இருக்கும். அந்தப் படலத்திலுள்ள நுண்ணுயிர்கள் நாற்றத்தையும் கரிமக் கழிவையும் குறைப்பது உண்மையே என்றாலும், பாஸ்பரசின் பெரும்பகுதி அதைக் கடந்து போய்விடுகிறது. வீட்டுக் கழிவுநீரில் பொதுவாக லிட்டருக்கு 5 முதல் 10 மில்லிகிராம் வரை பாஸ்பரஸ் இருக்கும். ஏரி பச்சையாவதற்கோ 0.1 மில்லிகிராமே போதும். ஆகவே, பாதி குறைந்துவிட்டது என்று அறிக்கை எழுதுவதால் ஏரிக்கு ஒரு பயனும் இல்லை.

கால்சியம், மக்னீசியம், அலுமினியம், இரும்பு ஆகியவை நிறைந்த கனிமங்களே பாஸ்பேட்டைப் பற்றிக்கொள்பவை. சேலத்தைச் சுற்றி இவற்றுக்குப் பஞ்சமில்லை. நம் வெள்ளைக்கல், அதாவது மாக்னசைட், சுடாத நிலையில் மிக மெதுவாகவே கரையும். ஆனால், மிதமான சூட்டில் சுட்ட தூள் நீரில் மக்னீசியத்தை விட்டுக் காரத்தன்மையை உயர்த்தும். அந்த மக்னீசியம் அம்மோனியத்தோடும் பாஸ்பேட்டோடும் சேர்ந்து ஸ்ட்ரூவைட் என்ற வெண்ணிறப் படிகமாக இறங்கும். இரண்டு சத்துகளையும் ஒருசேரப் பிடிக்கும் இந்தப் படிகம், வயலில் மெல்லக் கரையும் நல்ல உரமும்கூட. உலைச் செங்கலுக்காக 1,500 டிகிரிக்கு மேல் சுட்ட மாக்னசைட்டோ வினைத்திறனை இழந்துவிடுவதால் இதற்கு உதவாது. இரண்டும் ஒரே கல்லைச் சுட்டுக் கிடைப்பவை என்பதால், கொள்முதல் செய்பவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

செம்புறாங்கல்லில் உள்ள இரும்பும் பாஸ்பேட்டைப் பிடிக்கும், ஆனால் காற்று இல்லாமல் நீர் தேங்கினால் பிடித்ததில் ஒரு பகுதியை விட்டுவிடும். பாக்சைட்டில் மிகுந்துள்ள அலுமினியத்துக்கு அந்தக் குறை இல்லை. சேர்வராயன் மலையின் பழைய பாக்சைட் சுரங்கங்களில் தரம் குறைந்ததென்று ஒதுக்கிய கல் கிடைத்தால் அதுவே சோதனைக்குப் போதும். இதைச் சாக்காக வைத்து மலையில் புதிதாக ஒரு குழிகூடத் தோண்டக் கூடாது. எஃகு ஆலைக் கசடும் பாஸ்பரசை நன்றாகவே பிடிக்கும் என்றாலும், அதைக் கடந்து வரும் நீரின் பிஎச் அளவு 11ஐத் தாண்டி, நீர் கடும் காரமாகிவிடக்கூடும் என்பதால், தணிக்காமல் ஏரியில் விட்டால் மீன்கள் செத்துப்போகும்.

எந்தக் கல்லாக இருந்தாலும் ஒருநாள் நிறைவடைந்து, அதற்கு மேல் எதையும் பிடிக்காது. எனவே, கனிமத்தைச் செடிப் படுகை முழுவதும் கலந்து கொட்டாமல், நீர் வெளியேறும் கடைசி இடத்தில் எளிதில் அள்ளி மாற்றக்கூடிய தனித் தொட்டியில் வைப்பதே முறை. நுண்ணிய தூள் செடிப் படுகையை அடைத்துக்கொள்ளும் தொல்லையும் இதனால் வராது. மாற்றும் செலவைத் தொடக்கத்திலேயே ஒப்பந்தப்புள்ளியில் சேர்க்க வேண்டும். எடுத்த கல்லில் கன உலோகங்கள் இல்லையென்று சோதித்த பிறகே விவசாயிகளுக்குக் கொடுக்க வேண்டும்.

பாதாளச் சாக்கடை போடுவது கடினமான ஏற்காட்டுச் சரிவுகளில், தங்கும் விடுதிகளின் கழிவுநீருக்கு இத்தகைய சிறு படுகைகள் பெரிதும் பொருந்தும். சேலம் மாநகராட்சியும் ஏற்காடு ஊராட்சி ஒன்றியமும் ஒப்பந்தம் விடுவதற்கு முன்பே, வெள்ளைக்கல் சுரங்கப் பகுதியை ஒட்டிக் கருப்பூரில் உள்ள அரசு பொறியியல் கல்லூரியிடம் இந்தக் கற்களைக் கொடுத்துச் சோதிக்கச் சொல்ல வேண்டும். அதுவும் ஆய்வகத்தில் கலக்கிய உப்புக் கரைசலில் அல்லாமல், திருமணிமுத்தாற்றில் ஓடும் கழிவுநீரைக் கொண்டே, மழைக்காலம் கோடைக்காலம் இரண்டும் அடங்க ஓராண்டுக்குக் குறையாமல் சோதித்து, முடிவுகளை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கண்ணங்குறிச்சி, சேலம்