இடைக்கால ஆங்கில இலக்கியத்தின் மனைவியர்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் ஞாயிறு வெளியீட்டில் அண்மையில் வந்த, இடைக்கால ஆங்கில இலக்கியத்தில் பெண்கள் பற்றிய கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். அக்காலத்து மனைவி வாய்பேசாத அடிமையாகவே அங்கு சித்திரிக்கப்பட்டாள் என்ற அதன் முடிவை, கொழும்பில் நெடுங்காலம் ஆங்கில இலக்கியம் கற்பித்தவள் என்ற முறையில் என்னால் ஏற்க இயலவில்லை. ரியூசன் குறிப்புகள் வழியாக மாணவர் மனதிலும் இதே கருத்துப் பதிந்து வருவதால் இதனை எழுதுகிறேன்.

கட்டுரை முழுவதும், 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சோசரின் கன்ரபரிக் கதைகளில், யாத்திரிகர்கள் சொல்லும் கதைகளுள் ஒன்றில் வரும் கிரிசெல்டா என்ற மனைவியையே நம்பி நிற்கிறது. பெற்ற பிள்ளைகள் இருவரையும் கொல்வதற்கென்று பறித்தெடுத்து, பின்னர் வேறொருத்தியை மணக்கப்போவதாகக் கூறித் தகப்பன் வீட்டுக்கே திருப்பி அனுப்பிய கணவனிடமும் முகம் கோணாத அவள், கணவனைக் கூடையில் சுமந்த நளாயினியை நமக்கு நினைவூட்டுவது இயல்பே. ஆனால், மனைவியர் இவளைப் பின்பற்ற வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை, அவர்கள் விரும்பினாலும் அது தாங்க முடியாதது என்று கதையைச் சொல்லும் ஒக்ஸ்போர்ட் மாணவனே இறுதியில் கூறுகிறான். அதைத் தொடரும் பாடலோ, கிரிசெல்டாவும் இறந்துவிட்டாள், அவள் பொறுமையும் இறந்துவிட்டது, மனைவியரே வாயைக் கட்டிப்போடாதீர்கள் என்கிறது. இவ்வரிகளை விட்டுவிட்டுக் கதையை மட்டும் எடுத்துக்காட்டுவது சோசருக்குச் செய்யும் அநீதியாகும்.

அதே கன்ரபரிக் கதைகளில்தான், 12 வயதில் முதன்முதலாக மணமாகி ஐந்து கணவரைக் கண்ட பாத் நகரத்து அலிசனும் பேசுகிறாள். கெட்ட மனைவியரைப் பற்றிய நூலொன்றை ஐந்தாவது கணவன் ஓயாமல் வாசித்துக்காட்ட, அவள் பொறுமையிழந்து அதன் ஏடுகளைக் கிழித்து அவன் கன்னத்தில் குத்துகிறாள். அவன் திருப்பி அடித்த அடியில் அவளுக்கு ஒரு காது கேளாமற் போகிறது. மதகுருமார் தம் அறைகளிலிருந்து எழுதியதுபோலப் பெண்களும் எழுதியிருந்தால் ஆண்களின் கொடுமை எவ்வளவு வெளிவந்திருக்கும் என்று அவள் கேட்பது, அவளைப் படைத்தவரும் ஓர் ஆணே என்பதை மறவாமல் படித்தாலும் வலுவான கேள்விதான்.

கட்டுரையாளர் தொடாத இன்னொன்று திருமணச் சட்டம். மணமக்கள் இருவரின் சம்மதமே திருமணத்தை ஆக்குகிறது, பெற்றோரின் அனுமதியோ குருவானவரோ இன்றியமையாதவர் அல்லர் என்பது 12ஆம் நூற்றாண்டிலேயே திருச்சபையின் நிலைப்பாடாகிவிட்டது. இரகசியத் திருமணங்கள் பெருகவே, 1215இல் கூடிய இலாத்தரன் சங்கம் என்ற திருச்சபைப் பொதுச்சங்கம், திருமணத்தை முன்கூட்டியே கோவிலில் பகிரங்கமாக அறிவிப்பதைக் கட்டாயமாக்கிற்று. "பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம் என்ப" என்று, பொய்யும் தவறும் தோன்றிய பின்னரே பெரியோர் திருமணச் சடங்கை வகுத்தனர் எனக் கூறும் தொல்காப்பிய நூற்பாவை அறிந்த நமக்கு இது புதிதல்ல. எனினும் அறிவிக்காமல் செய்த திருமணமும் அங்கு செல்லுபடியாகவே இருந்தது.

அதன் விளைவை, 15ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நோர்போக் பிரதேசத்தில் வாழ்ந்த பாஸ்ரன் என்ற நிலவுடைமைக் குடும்பத்தின் கடிதங்களில் காணலாம். அக்குடும்பத்து மகள் மார்ஜரி, தங்கள் காணிகளை மேற்பார்வை செய்த றிச்சாட் காலை இரகசியமாக மணந்தாள். தன் தங்கையைக் கடைக்காரிபோல மெழுகுதிரியும் கடுகும் விற்க விடமாட்டேன் என்று தமையன் எழுதினான். 1469இல் நொரிச் ஆயர் அவளை அழைத்து, எந்தச் சொற்களால் திருமண வாக்குக் கொடுத்தாய் என்று விசாரித்தபோது, அச்சொற்கள் போதாவிட்டால் இங்கிருந்து போகுமுன் இன்னும் உறுதியாகச் சொல்லிவிட்டுப் போகிறேன் என்றாள் அந்தப் பெண். தாய் வீட்டுக் கதவு அவளுக்கு அடைக்கப்பட்டது, திருமணமோ நிலைத்தது. கற்பனைப் பாத்திரமான கிரிசெல்டாவுக்குப் பக்கங்களை ஒதுக்கியவர், உயிரோடு வாழ்ந்து ஆயரின் முன் இப்படிப் பேசியவளை ஒரு வரியிலேனும் குறிப்பிட்டிருக்கலாம்.

உயர்தர மாணவர்களும் தங்கள் ஞாயிறு வெளியீட்டைப் படிப்பதால், பாஸ்ரன் கடிதங்களில் சிலவற்றையாவது தமிழில் வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06.