பத்திரிகை கடைக்காரங்களுக்கு, விசேஷமே இல்லாத ஒரு ஆர்டர்

மதுரையில கல்யாண பத்திரிகை கடை வச்சிருக்க அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

கடைக்குள்ள நுழைஞ்சதும் ஸ்டூலை இழுத்து போட்டு "என்ன விசேஷம், கல்யாணமா காதுகுத்தா"ன்னு கேப்பீங்க. ஒன்னும் இல்லண்ணே, பத்து கவரும் நாலு அட்டையும் போதும்னா "நூறுக்கு கம்மியா கிடையாதே"ன்னு அடுத்த ஆளை பாக்க போயிருவீங்க. உங்களையும் குத்தம் சொல்ல முடியாது, கட்டை பிரிச்சா மிச்சத்தை யாரு வாங்குவா. ஆனா நம்ம ஊருக்குள்ள அங்கிட்டும் இங்கிட்டுமா சில பேரு கையால கார்டு செஞ்சு, பொங்கல் தீபாவளி பொறந்தநாள்னு எதுவுமே இல்லாம "சும்மா ஞாபகம் வந்துச்சு"ன்னு எழுதி தபால்ல போட்டுக்கிட்டு இருக்கோம். பத்திரிகைன்னா பின்னாடியே மொய் கணக்கு வரும், இதுக்கு அந்த வம்பே கிடையாது.

கேக்குறது இதுதான். சீசன் முடிஞ்சு மிஞ்சுன கவர், ஆல்பத்துல பழசாகிப்போன மாடல், கட்டிங் மெஷின்ல விழுற அட்டை துண்டு, எல்லாத்தையும் ஒரு பெட்டில போட்டு கடை ஓரமா வைங்க. எடைக்கு போடுற காசுக்கு மேலயே தர்றோம்.

ஸ்டேஷனரி கடைக்கு போக வேண்டியதுதானேம்பீங்க. அங்க கிடைக்கிற சார்ட் நிக்காது, தொவண்டு போயிரும். உங்ககிட்ட இருக்க 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) அட்டைதான் கணக்கு. அதுலயும் முழு ஏ4 அட்டையை மடிச்சா அதுவே கிட்டத்தட்ட 18.7 கிராம், கவரு கோந்து எல்லாம் சேந்தா 20 கிராமை தாண்டிரும், சாதா தபாலுக்கு 20 கிராம் வரைக்கும்தான் 5 ரூபா ஸ்டாம்பு, அதுக்கு மேல போனா இன்னொரு 5, ஒட்டாம விட்டா வாங்குறவங்ககிட்ட காசு கேப்பாங்க, அன்பா அனுப்புன கார்டுக்கு அவங்க தண்டம் கட்டணுமா? அதனால ஏ4-ஐ பாதியா வெட்டி மடிக்கிறதுதான் தோது. அந்த வெட்டு உங்க மெஷின்ல விழுந்தாதான் நேரா இருக்கும், நாங்க கத்திரிக்கோல்ல வெட்டுனா எலி கடிச்ச மாதிரி வருது. மடிப்பும் அப்படித்தான். அட்டை எந்தப் பக்கம் லேசா வளையுதோ அந்தப் பக்கமா மடிக்கணும், மாத்தி மடிச்சா வெடிச்சு வெள்ளை தெரியும், இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லணுமா என்ன. உங்களுக்கு மடிப்பு கோடு போடுற கிரீஸிங் மெஷின் இருக்கு, நாங்க தீந்து போன பால் பேனாவால கோடு இழுத்துக்கிறோம்.

அலங்காரத்துக்கு கவலை இல்ல. டெய்லர் கடையில சுங்குடி துணி வெட்டுனது கேட்டா சும்மாவே தர்றாங்க, ஒட்டுனா தட்டையா உக்காந்துக்கும். மணி, பட்டன் மட்டும் வேணாம், தபால் ஆபீஸ்ல முத்திரை குத்துறப்ப நொறுங்கிரும்.

ஒரே ஒரு கண்டிஷன், மாப்பிள்ளை பொண்ணு படம் போட்ட கவரை அந்த பெட்டில போட்டுராதீங்க. சோழவந்தான்ல இருக்க அத்தைக்கு அந்த கவர் போச்சுன்னா, நாலு மூலையிலயும் மஞ்சள் இருக்கான்னு பாத்துட்டு, பிரிக்கிறதுக்கு முன்னாடியே போனை போட்டு "யாருக்கு கல்யாணம், எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா"ன்னு ஏழரையை கூட்டிரும். பிள்ளையார் இருந்தா பரவால்ல.

நாளைக்கு எங்க வீட்டுலயும் கல்யாணம் காட்சி வரும், அப்ப முழு ஆர்டரும் எந்த கடைக்கு வரும்னு நீங்களே பாத்துக்கங்க. பெட்டி வச்சவங்க வாசல்ல "சில்லறையா கவர் கிடைக்கும்"னு ஒரு அட்டை தொங்க விடுங்க. முகூர்த்த கூட்டத்துல வந்து நிக்க மாட்டோம், மத்தியானமா கடை ஓஞ்சிருக்கப்ப வர்றோம்.