மாத்திரைக்கு முன் பேச வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆண்களின் விறைப்புத்தன்மைக் குறைபாடு பற்றிய பேச்சு மாத்திரையில் தொடங்கி மாத்திரையிலேயே முடிந்துவிடுவது வருத்தமளிக்கிறது. 1998இல் சில்டெனாஃபில் (வயாகரா என்ற பெயரில் அறியப்படும் மாத்திரை) வந்தது பெரும் பயன்தான். ஆனால் குறைபாட்டின் வேர் பல நேரங்களில் இரத்தக் குழாய்களில் இருக்கிறது. ஆணுறுப்பின் தமனிகள் 1 முதல் 2 மில்லிமீட்டர் விட்டமே கொண்டவை என்பதால், புகைப்பழக்கமும் சர்க்கரை நோயும் உயர் இரத்த அழுத்தமும் விளைவிக்கும் பாதிப்பு, இதயத்தில் அறிகுறி தோன்றுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இங்கு வெளிப்படக்கூடும். ஆகவே புகையை விடுவதும், எடையைக் குறைப்பதும், வாரத்துக்கு 150 நிமிடமாவது விரைந்து நடப்பதும் சிகிச்சையின் பகுதியே.

அதிகாலையில் இயல்பாக விறைப்பு ஏற்பட்டும் துணையுடன் இருக்கும்போது மட்டும் தவறுகிறதென்றால், காரணம் பெரும்பாலும் மனப்பதற்றம். ஒருமுறை தவறியதும், மீண்டும் தவறுமோ என்ற அச்சமே அடுத்த தோல்வியை வரவழைத்துவிடுகிறது. அந்தச் சுழலை உடைக்கவே, சிறிது காலம் உடலுறவை இலக்காகக் கொள்ளாமல் தொடுதலில் மட்டும் கவனம் செலுத்தும் பயிற்சியை ஆலோசகர்கள் தம்பதியருக்குக் கற்றுத்தருகிறார்கள். துணையையும் உடன் அழைத்துச் செல்வது நல்லது; இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து உட்கொள்பவர்கள் சில்டெனாஃபில் போன்ற மாத்திரைகளைச் சேர்த்து உட்கொண்டால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியும் என்பதையும் தங்கள் மருத்துவப் பக்கத்தில் அழுத்தமாக எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்