107 சென்டிமீட்டருக்குக் கீழே: நீர்ப்பூங்கா விடுதி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

உள்ளரங்க நீர்ப்பூங்காக்களையும் அவற்றை ஒட்டிய தங்கும் விடுதிகளையும் நடத்துகிறவர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் இரண்டு பிள்ளைகளோடு உங்களில் ஒருவரிடம் ஓர் இரவு தங்கிவிட்டு வந்தேன். எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் மற்றவர்கள் எல்லாம் "நம்மை இல்லை" என்று மடலை மடித்து வைத்துவிடுவீர்கள்.

மூத்தவளுக்கு ஐந்து வயது. வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து உங்கள் பச்சை நிறச் சறுக்கைப் பற்றித்தான் பேச்சு. ஈரப் படிகளில் இருபது நிமிடம் வரிசையில் நின்று நின்று ஏறி உச்சியை எட்டினால், அங்கே கோடு போட்ட பலகை ஒன்று நிற்கிறது. 42 அங்குலம், அதாவது ஏறத்தாழ 107 சென்டிமீட்டர். காவலுக்கு நின்ற இளைஞர் அவள் தலைமேல் உள்ளங்கையைத் தட்டையாக வைத்தார். அவள் குதிகாலைத் தூக்கினாள். அவர் சிரித்துக்கொண்டே தோளை மெல்ல அழுத்தினார். ஒரு விரற்கடை குறைவு. ஏறிவருகிறவர்களின் முழங்கால்களுக்கு நடுவே, அழுகிற பிள்ளையோடு அத்தனை படிகளையும் இறங்கினேன்.

அந்த விதியின்மேல் எனக்கு வருத்தம் இல்லை. சிறிய உடம்பு வளைவில் எப்படித் தூக்கி எறியப்படும் என்று யோசித்துத்தான் கோடு போட்டிருப்பீர்கள். பலகை ஏன் உச்சியில் மட்டும் நிற்கிறது என்பதுதான் என் கேள்வி. வரவேற்பு மேசையில் கைப்பட்டை கட்டும்போதே அளந்து, உயரத்துக்கு ஒரு நிறம் கொடுத்திருந்தால் அழுகை கீழேயே முடிந்திருக்கும். எப்படிப் பார்த்தாலும் அவள் அழுதிருப்பாள். ஆனால் வழுக்கும் படியில் அழுதிருக்க மாட்டாள்.

ஜெர்மனியில் ராட்சத வான்கப்பல் கட்டுவதற்கென்று எழுப்பிய கூடம் ஒன்றை 2004இல் நீர்ப்பூங்கா ஆக்கினார்கள். அதன் கூரை 107 மீட்டர் உயரம். உங்கள் தொழிலில் எல்லோருக்கும் கண் அந்தக் கூரையின்மேல். 107 சென்டிமீட்டருக்குக் கீழே இருப்பவர்களின் உயரம் உங்கள் நினைவுக்கு வருவது, அவர்களைத் திருப்பி அனுப்பும்போது மட்டும்தான்.

காற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழைந்ததும் மூக்கில் ஏறும் அந்த நெடியை, "நன்றாக குளோரின் போட்டிருக்கிறார்கள், சுத்தமான தண்ணீர்" என்று பாராட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் பல வருடம் அப்படி நினைத்தவள்தான். விஷயம் நேர் எதிர். குளிக்காமல் இறங்குகிறவர்களின் வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமின்களின் நெடி அது. அவற்றில் டிரைகுளோரமின் என்பது தண்ணீரில் தங்காமல் காற்றுக்கு வந்துவிடும். கண்ணை எரிக்கும், தொண்டையைக் கமறும். காற்றோட்டம் போதாத கூடத்தில் அது நீர்ப்பரப்பை ஒட்டியே தேங்கி நிற்கும். இரண்டரை வயதுப் பிள்ளை தண்ணீரில் உட்கார்ந்தால் அவன் மூக்கு எங்கே இருக்கும் என்று கொஞ்சம் குனிந்து பாருங்கள். நாற்காலியில் சாய்ந்திருந்த எனக்கு நெடி மட்டும்தான். இளையவனோ அன்று இரவு முழுக்க இருமினான்.

இதற்கு மருந்து உங்கள் குளிப்பறையில் இருக்கிறது. இறங்குமுன் ஒரு நிமிடம் உடம்பை அலசினாலே அழுக்கில் பெரும்பகுதி போய்விடும். "குளித்துவிட்டு இறங்கவும்" என்று சுவரில் பெரிய எழுத்தில் எழுதியும் வைத்திருக்கிறீர்கள். ஆனால் குழாயைத் திறந்தால் பனிக்கட்டியை உருக்கி விட்டதுபோல் தண்ணீர். குளத்து நீரை வெதுவெதுப்பாக வைக்கத் தெரிந்த உங்களுக்கு இங்கே மட்டும் ஏன் இந்தக் கஞ்சத்தனம்? நான் பார்த்துக்கொண்டிருந்த பத்து நிமிடத்தில் ஒரு குடும்பம்கூட அந்தத் தண்ணீரில் நிற்கவில்லை. உண்மையைச் சொன்னால் நாங்களும் காலை மட்டும் நனைத்துக்கொண்டு ஓடிவிட்டோம்.

டயபர் மாற்றும் அறை விஷயமும் இதே கதைதான். அது லாக்கர் வரிசைகளையும் தாண்டி ஒரு மூலையில் இருந்தது. விளைவு, குளக்கரை நாற்காலியிலேயே துண்டை விரித்து மாற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களை அதட்டிப் பயனில்லை. வழுக்கும் தரையில் ஒன்றை இடுப்பிலும் இன்னொன்றைக் கையிலுமாக அவ்வளவு தூரம் யார் நடப்பார்கள்? நீச்சல் டயபர் கெட்டியானதைத்தான் பிடித்து வைக்கும், கிருமியைப் பிடிக்காது. சரியாக குளோரின் கலந்த நீரில் ஈ.கோலி ஒரு நிமிடத்துக்குள் செத்துவிடும். வயிற்றுப்போக்கைத் தரும் கிரிப்டோஸ்போரிடியம் ஏழு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். மழலையர் குளத்திலிருந்து இருபது எட்டில் ஓர் அறை கட்டிக் கொடுங்கள், போதும்.

இனி ஒரு நன்றி. மூத்தவளுக்கு மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். சிறிய அளவுச் சட்டைகள் தீர்ந்துபோய், பெரிய சட்டையின் வாரை இழுத்துக் கொக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்ற இளையவன் அந்த நேரத்தில் வழுக்கி உட்கார்ந்து, மல்லாந்து, தலை உள்ளே போய்விட்டது. கத்தல் இல்லை, கை அடிப்பு இல்லை. நான் திரும்பும்போது உங்கள் உயிர்காப்பாளர் பெண் அவனைத் தூக்கி நிறுத்தி முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பத்து நொடிக்குள் தன் பகுதி முழுவதையும் கண்ணால் அலச வேண்டும், அடுத்த இருபது நொடிக்குள் ஆளை எட்ட வேண்டும் என்பது அவர்கள் பயிற்சியில் வரும் கணக்கு. அவளுக்கு அதில் பாதி நேரம்கூட ஆகவில்லை. என்னை ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. அவளுக்குச் சம்பளம் கூட்டிக் கொடுங்கள். கூடவே சின்னச் சட்டைகளை இரண்டு மடங்காக வாங்கி வையுங்கள்.

மணியடித்துத் தலைமேல் டன் கணக்கில் தண்ணீரைக் கொட்டும் அந்த வாளி பற்றி எழுதக் கூடாது என்றிருந்தேன். பெரிய பிள்ளைகளுக்கு அது திருவிழா. இளையவனோ அதன்பின் எந்த மணி கேட்டாலும் என் காலைக் கட்டிக்கொள்கிறான்.

அறையைப் பற்றி இரண்டே வார்த்தை. பூங்காவை மதியமே திறந்துவிட்டு, அறைச் சாவியை மாலையில்தான் கொடுக்கிறீர்கள். பகல் தூக்கம் தூங்கும் வயதுப் பிள்ளைகள் ஈரத் துண்டுமேல், பிளாஸ்டிக் நாற்காலியில், உதடு வெளுத்துத் தூங்குகிறார்கள். சின்ன உடம்பிலிருந்து சூடு சீக்கிரம் இறங்கிவிடும். சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்காவது அறையை முன்கூட்டித் தர முடியாதா? அறையில் துணி காயப்போட ஒரு கொடியும், மாடிக்கு ஒரு துணி பிழியும் எந்திரமும் வையுங்கள். மறுநாள் காலையில் நனைந்த நீச்சலுடையை நடுங்கும் பிள்ளைக்கு மாட்டிவிட்டுப் பாருங்கள், நான் ஏன் கேட்கிறேன் என்று தெரியும்.

மூத்தவள் இப்போது வாசல் நிலையில் பென்சிலால் கோடு போட்டுத் தன்னை அளந்துகொள்கிறாள். தினமும் அளப்பதால் வளரவே இல்லை என்று புலம்பல். கோட்டைத் தாண்டியதும் மறுபடி வரவேண்டும் என்று என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறாள். வருவோம். அவள் படியேறப் போவாள். நான் முதலில் உங்கள் குளிப்பறைக் குழாயைத் திறந்து கையை நீட்டிப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாய்